பகலில் எடுத்த பிறைப் படமும் நம் கண்களும்



ஷஅபான் 29 அன்று அஸர் தொழுதுவிட்டுப் பிறை பார்க்க மாடிக்கு ஏறுவது நம் வழக்கம். சென்ற முறை படியேறும்போதே ஒரு கல்லூரி மாணவர் போனை என் முன் நீட்டினார். "மாமா, அபூதாபியில பகல்லயே பிறை எடுத்துட்டாங்களாம். நாம எதுக்கு மஃரிப் வரைக்கும் நிக்கணும்?" என்றார். சாம்பல் நிறப் பின்னணியில் மயிரிழை போல ஒரு வளைவு, கீழே அரபியில் தேதியும் நேரமும். படம் போலியானது அல்ல. அங்குள்ள அல்கத்ம் வானியல் ஆய்வகத்தார் இத்தகைய படங்களைப் பல மாதங்களாக, பல ஆண்டுகளாக எடுத்து வெளியிட்டு வருகிறார்கள்.

பக்கத்தில் நின்ற இன்னொரு பையன் சொன்னதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "அதுக்கு ஒரு கறுப்பு ஃபில்டர் இருக்கு மாமா, ஆன்லைன்ல கிடைக்குது. வாங்கி நம்ம தொலைநோக்கியில மாட்டிட்டா சூரியன் பக்கத்துலயே பாத்துடலாம்."

இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதலாவது மார்க்கம் பற்றியது, இரண்டாவது கண் பற்றியது. இரண்டுக்கும் முன்னால், அந்தப் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

சந்திரன் பகலில் எங்கும் போய்விடுவதில்லை. வானத்தின் நீல வெளிச்சம்தான் அதை மூழ்கடிக்கிறது. சூரிய ஒளி காற்று மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும்போது நீலம் அதிகமாகவும் சிவப்பு குறைவாகவும் சிதறுகிறது. சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது ராலே என்ற ஆங்கிலேய விஞ்ஞானி கண்ட விதி. நீல ஒளியின் அலைநீளம் சுமார் 450 நானோமீட்டர். சிவப்பையும் தாண்டி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் 850 நானோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கணக்கிட்டால், அகச்சிவப்பில் காற்று சிதறடிக்கும் ஒளி நீலத்தைப் போல ஏறக்குறைய 12இல் ஒரு பங்குதான். சந்திரனில் இருந்து வரும் ஒளியோ சூரிய ஒளியின் எதிரொளிப்பு. அதில் அகச்சிவப்பு தாராளமாக இருக்கிறது. ஆகவே மற்ற ஒளியை எல்லாம் தடுத்து, அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஒரு ஃபில்டரைக் கேமராவுக்கு முன் வைத்தால் வானம் இருண்டு சந்திரன் எடுபடும். சூட்டினால் காற்று அலைவதால் படம் கலங்குவதும் நீண்ட அலைநீளத்தில் குறைவு.

அகச்சிவப்பு என்ற ஒன்று இருக்கிறது என்பதை 1800இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். முப்பட்டகத்தில் சூரிய ஒளியைப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது, சிவப்புக்கு அப்பால், ஒளியே தெரியாத இடத்திலும் வெப்பம் ஏறியது. வீட்டில் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமானால் டிவி ரிமோட் போதும். அதன் முனையைப் போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, பல போன்களின் திரையில் ஊதா கலந்த ஒரு பொறி மின்னும். அதுதான் அகச்சிவப்பு. சில போன்களில் அதுவும் தெரியாது. காரணம், சாதாரணக் கேமராக்களுக்குள் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றைத் தயாரிக்கும்போதே வைத்துவிடுகிறார்கள். அதனால் போனிலும் கல்யாண வீட்டுக் கேமராவிலும் இந்த ஃபில்டரை மாட்டிப் பயனில்லை. வானியல் படம் எடுப்பவர்கள் அந்தத் தடுப்பு இல்லாத கறுப்பு வெள்ளைக் கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்துகிறார்கள்.

பாதிப் பிறை அளவுக்கு வளர்ந்த சந்திரனை இப்படி எடுப்பது எளிது. மெல்லிய பிறை என்றால் கதையே வேறு. 2013 ஜூலை 8 அன்று பிரான்ஸில், பாரிஸுக்கு அருகே எலான்கூர் என்ற ஊரில் தியரி லெகோ என்பவர் எடுத்த படத்தை உதாரணமாகச் சொல்லலாம். சூரியனும் சந்திரனும் ஒரே திசையில் சேரும் அந்தச் சங்கம நொடியிலேயே, அதாவது புதிய மாதத்துச் சந்திரனின் வயது பூஜ்யமாக இருக்கும்போதே அவர் படம் எடுத்தார். நம் நாட்டு நேரப்படி அப்போது பிற்பகல் 12.44, லுஹருடைய வேளை. சந்திரனின் பாதை ஐந்து டிகிரி அளவுக்குச் சாய்ந்திருப்பதால் பெரும்பாலான மாதங்களில் அது சூரியனுக்கு மேலேயோ கீழேயோ விலகித்தான் கடக்கிறது. நேராகக் கடந்தால் சூரிய கிரகணம். அன்று விலகல் 4.4 டிகிரி. கையை நீட்டி மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்தால் மறையும் அகலம்தான் அது.

அந்த இடத்தில் வானத்தின் வெளிச்சம், அகச்சிவப்பிலேயே, பிறையைப் போல சுமார் 400 மடங்கு என்று அவர் குறிப்பிட்டிருக்கிறார். 400 விளக்குகள் எரியும் மண்டபத்தில் கூடுதலாக ஒரு விளக்கு ஏற்றினால் யாருக்குத் தெரியும்? அதனால் அவர் தொலைநோக்கிக்கு முன்னால் துளையிட்ட ஒரு மறைப்பை நிறுத்தி, சூரியக் கதிர் நேராக உள்ளே விழாமல் செய்தார். இத்தகைய வேலையில் ஒரே ஒரு படம் போதாது. நூற்றுக்கணக்கில் எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்து, வானத்தின் பொதுவான வெளிச்சத்தைக் கழித்து, மிச்சமிருக்கும் சிறு வேறுபாட்டைப் பெரிதாக்க வேண்டும். காற்றும் தெளிவாக இருந்தாக வேண்டும். தூசியும் ஈரப்பதமும் சிதறடிக்கும் ஒளி அகச்சிவப்பிலும் அவ்வளவாகக் குறைவதில்லை, சூரியனை ஒட்டிய பகுதியில் அதுதான் மிகுதி. ஃபில்டர் மட்டும் இருந்தால் போதும் என்று நினைத்த அந்தப் பையன் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன். அந்த 2013 ஜூலை 8 சங்கமம் வேறு எதற்கும் உரியதல்ல, ஹிஜ்ரி 1434 ரமலானுக்கு உரியது. அன்று மக்காவில் சூரியன் மறைந்தபோது சந்திரனின் வயது சுமார் 9 மணி நேரம். வெறும் கண்ணால் மிக இளம் பிறையைப் பார்த்ததாகப் பதிவாகியிருப்பது 15 மணி 32 நிமிடம், 1990 மே மாதம் ஸ்டீபன் ஓமேரா பார்த்தது. பெரிய பைனாகுலரின் உதவியோடு ஈரானைச் சேர்ந்த மொஹ்சின் மிர்சயீத் 2002 செப்டம்பரில் 11 மணி 40 நிமிட வயதுள்ள பிறையைப் பார்த்தார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே 7 டிகிரி விலகல் வராமல் கண்ணுக்குப் பிறையே தோன்றாது என்று 1930களில் ஆந்த்ரே தான்ஜோன் என்ற பிரெஞ்சு வானியலாளர் கணக்கிட்டதும் இதோடு ஒத்துப்போகிறது. சவூதியில் அந்த ரமலான் ஜூலை 10 அன்று தொடங்கியது. படம் இருந்தது 8ஆம் தேதி பகலில்!

படத்தை ஆதாரமாக வைத்து மாதத்தைத் தொடங்குவோம் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் நான் கேட்பது இதுதான்: அந்தக் கேமராவுக்குச் சந்திரன் இருக்கும் இடத்தைக் காட்டியது யார்? வானியல் கணக்குத்தான். எந்த நிமிடத்தில் எந்தத் திசையில் எத்தனை டிகிரி என்று கணக்கு சொன்ன இடத்துக்குக் கருவி திரும்பியது, அங்கே சந்திரன் இருந்தது. கணக்குக்கு மேல் படம் நமக்குப் புதிதாக எதையும் அறிவிக்கவில்லை. கணக்கை ஏற்பவருக்குப் படம் தேவையில்லை. பிறை பார்த்தல் வேண்டும் என்பவருக்கோ, 850 நானோமீட்டர் ஒளியில் எடுத்த படம் எந்த மனிதக் கண்ணும் காண முடியாத ஒளியில் எடுத்த படம். அந்த ஃபில்டரைப் போட்டுக்கொண்டு கண் வைத்துப் பார்த்தால் வெறும் இருட்டுதான் தெரியும். தத்தம் பகுதிப் பிறை, சர்வதேசப் பிறை, கணக்கீடு என்று நம் சமுதாயத்தில் நடக்கும் விவாதத்தில் எந்தத் தரப்புக்கும் இந்தப் படம் சாட்சியாக நிற்காது என்பது என் கருத்து. நான் மதரஸாவில் ஓதியவன்தான், ஃபத்வா கொடுக்கும் தகுதி உடையவன் அல்ல. ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனாலும் ஓதியதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. பகலில் தெரியும் பிறை பற்றி நம் ஃபுகஹாக்கள் கேமரா வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசியிருக்கிறார்கள். வெறும் கண்ணால் பகலில் பிறையைக் கண்டாலும் அது வரப்போகும் இரவுக்குரியதே, அதை வைத்து அன்றைய நாளை மாற்றக்கூடாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இமாம் அபூஹனீஃபா, இமாம் முஹம்மது ஆகியோரின் சொல்லும் அதுவே. லுஹர் நேரத்துக்கு முன் தெரிந்தால் கடந்த இரவுக்குரியது என்று கருதியவர் இமாம் அபூயூசுஃப். உமர் (ரலி) அவர்கள் படையினருக்கு எழுதிய கடிதம் ஒன்றிலும் இந்த விஷயம் வருகிறது. பிறைகளில் சில பெரிதாகத் தோன்றும் என்றும், பகலில் கண்டுவிட்டதற்காக நோன்பை விட்டுவிடாமல் முந்தைய மாலையே கண்டதாக இருவர் சாட்சி சொல்கிறார்களா என்று பார்க்கும்படியும் அறிவுறுத்தியதாக அறிவிக்கப்படுகிறது. ஆக, பகல் பிறை பார்த்துப் பரபரப்பது இன்று நேற்று வந்த பழக்கம் அல்ல!

இதனால் இந்தப் படங்கள் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். அன்று பிறை எவ்வளவு மெல்லியது, அதன் வயிறு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதை அவை துல்லியமாகக் காட்டுகின்றன. மாலையில் சாட்சி சொல்ல வருபவரிடம் கொம்புகள் எந்தப் பக்கம் இருந்தன என்று கேட்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க இது உதவும். மேகத்தின் ஓரத்தையும் விமானப் புகையையும் பிறை என்று நினைத்து மனதார நம்பி வருபவர்கள் உண்டு. அவர்கள் பொய்யர்கள் அல்லர், கண்தான் ஏமாந்திருக்கும். அல்பத்தானி போன்ற முஸ்லிம் வானியலாளர்கள் பிறை தெரிவதற்கான நிபந்தனைகளை அக்காலத்திலேயே உழைத்து ஆராய்ந்தார்கள். அந்த உழைப்பின் தொடர்ச்சியாக இந்தப் படங்களைப் பார்க்கிறேன்.

இனி, பெற்றோர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி.

கடையில் கிடைக்கும் அகச்சிவப்பு ஃபில்டர் பார்ப்பதற்குக் கறுப்புக் கண்ணாடி போல இருக்கும். சூரியனைப் பார்க்கும் ஃபில்டரும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். இரண்டும் நேர் எதிரானவை. சூரிய ஃபில்டர் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அகச்சிவப்பையும் சேர்த்தே தடுக்கிறது. அகச்சிவப்பு ஃபில்டரோ வெளிச்சத்தைத் தடுத்துவிட்டு, சுட்டெரிக்கும் பகுதியைத் தாராளமாக உள்ளே விடுகிறது. வெளிச்சம் இல்லாததால் கண் சுருங்காது, பாவை விரிந்தே இருக்கும், தலையைத் திருப்பவும் தோன்றாது. தொலைநோக்கியின் லென்ஸ் சூரிய வெப்பத்தை ஒரு புள்ளியில் குவிக்கும்போது அங்கே இருப்பது விழித்திரை. விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி விழுந்துவிட்டது என்பது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும், பலருக்கு அது முழுதாகத் திரும்புவதும் இல்லை. எழுத்து படிப்பது, முகம் பார்ப்பது எல்லாம் அந்த நடுப்பகுதியால்தான்.

பழைய எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, கறுப்புக் கூலிங் கிளாஸ் எதுவும் பாதுகாப்பு ஆகாது. லெகோ போன்றவர்கள் கேமராத் திரையில் பார்க்கிறார்கள், தொலைநோக்கியில் கண் வைப்பதே இல்லை. சூரியனுக்கு நான்கு டிகிரி பக்கத்தில் கருவியைத் திருப்பும்போது கை சற்றுத் தவறினால் போதும். குறிபார்க்க மேலே வைத்திருக்கும் சிறு தொலைநோக்கியும் இதே ஆபத்துதான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். 29ஆம் நாள் மாலையில் பைனாகுலர் கொண்டுவரும் பிள்ளைகளுக்கும் ஒரே விதிதான்: சூரியன் முழுவதும் அடிவானத்தில் மறைந்த பிறகே உறையில் இருந்து எடுக்க வேண்டும். அதற்கு முன் யார் கையில் பார்த்தாலும் நான் வாங்கி வைத்துக்கொள்வேன், கோபப்பட வேண்டாம்.

பகலில் சந்திரனைப் படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளை நான் தடுக்கவில்லை. அதற்கு ஏற்ற நாள் பிறை 7 அல்லது 8. அன்று சந்திரன் ஏறக்குறைய நண்பகலில் உதிக்கும், அஸர் நேரத்தில் கிழக்கு வானில் நன்றாக ஏறியிருக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் மேற்கே இருக்கும், இடைவெளி 90 டிகிரி. இன்னொரு வசதியும் உண்டு. சூரியனில் இருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானப் பகுதியில்தான் ஒளி ஒரே திசையில் அதிர்வது அதிகம். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பினால் ஒரு கட்டத்தில் வானம் கருநீலமாக மாறிப் பாதிச் சந்திரன் வெள்ளையாக எழுந்து நிற்கும். அகச்சிவப்பு ஃபில்டரும் தனிக் கேமராவும் வாங்கச் செலவழிக்கத் தேவையில்லை. தொலைநோக்கியின் லென்ஸில் போனை ஒட்டிப் பிடித்தாலே சந்திரனின் பள்ளங்கள் பதிவாகும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் பிறை 8 அன்று அஸர் தொழுகைக்குப் பின் அறக்கட்டளை மாடியில் தொலைநோக்கியைக் கிழக்கே திருப்பி வைக்கிறோம். மக்தப் பிள்ளைகளைப் பெரியவர் ஒருவரோடு அனுப்புங்கள். பெண்களுக்கு மஃரிபுக்குப் பிறகு தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். அந்தக் கறுப்பு ஃபில்டர் வாங்கப் போவதாகச் சொன்ன பையனிடம் போலரைசரைத் திருப்பும் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறேன்.