ஒட்டிக்கொண்ட ஒளித்துளை

காமிராவின் கண் லென்ஸ் என்றால், அக்கண்ணின் பாவை ஒளித்துளை. வெயிலில் நம் கண்பாவை சுருங்குகிறது, இருளில் விரிகிறது. லென்சினுள் மெல்லிய உலோக இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து இதே வேலையைச் செய்கின்றன. அவை ஒட்டிக்கொண்டால் என்ன நேரும், நாமே சீர்செய்ய இயலுமா என்பதைக் காண்போம்.

இன்று இது யாருக்கு வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவனிடம், தந்தையோ தாய்மாமனோ கொடுத்த பழைய காமிரா ஒன்று இருக்கக்கூடும். அதன் லென்சை ஓர் இணைப்பு வளையத்தின் துணையால் இன்றைய டிஜிட்டல் காமிராவிலும் பொருத்தலாம். புதிய லென்சின் விலையை விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவனுக்கு இதன் அருமை தெரியும். காட்டுயிர்ப் படங்களுக்குப் புகழ்பெற்ற மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு காமிராக்களின் பகுதிகளைத் தாமே இணைத்து ஒரு கருவி அமைத்து, அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் இட்டார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் அவர். நாம் செய்யப்போவது அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

1960-களில் ஜப்பானில் செய்யப்பட்ட சூப்பர் டாக்குமார் 55 மில்லிமீட்டர் லென்சை எடுத்துக்கொள்வோம். பிலிம் காமிராவில் நாம் காட்சியைப் பார்க்கும்போது அதன் துளை முழுதும் திறந்தே இருக்கும். பொத்தானை அழுத்தும் கணத்தில்தான், லென்சின் பின்புறத்துள்ள சிறு ஊசி உள்ளே தள்ளப்பட்டு, இதழ்கள் நாம் குறித்த அளவுக்குச் சுருங்கும். இதனால்தான் குற்றம் கண்ணுக்குப் படுவதில்லை. எஃப் 8 என்று குறித்திருக்க, இதழ்கள் அசையாமல் எஃப் 1.8-லேயே நின்றுவிட்டால், ஏறக்குறைய இருபது மடங்கு ஒளி உள்ளே புகும். எட்டை 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கிப் பாருங்கள்! பிலிம் சுருள் கழுவி வரும்வரை இது தெரியாது.

காரணம் என்ன? இதழ்களுக்கு எண்ணெயே வேண்டியதில்லை. அவை உலர்ந்து இயங்குவதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் தூரத்துக்கேற்ப நாம் திருப்பும் வளையத்தினடியில் மரைகள் உண்டு. அவற்றில் கிரீஸ் பூசியிருப்பார்கள். வெப்பத்தால் கிரீசிலிருந்து எண்ணெய் பிரிந்து கசிந்து, இதழ்களின் இடுக்கில் புகுந்துவிடுகிறது. நனைந்த இரு கண்ணாடித் தகடுகளைப் பிரிக்க எவ்வளவு பாடுபட வேண்டும்! இங்கும் அதே கதைதான். பெங்களூரு குளிர்ந்த ஊராயிற்றே என்று எண்ண வேண்டா. தகரக்கூரை அறையிலும், ஓசூர் சாலையோரம் வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கைப் பெட்டியிலும் சித்திரை மாதத்தில் லென்சை வைப்பது, அடுப்பருகே வெண்ணெயை வைப்பதற்கு ஒப்பாகும்.

சோதனை எளிது. துளையை எஃப் 16-இல் வைத்து, பின்னூசியை அழுத்தி விடுக. இதழ்கள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும். சோம்பலாக அசைந்தால், விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். எண்ணெய் மினுமினுப்புத் தெரியும். மினுமினுப்பு இல்லாமலே மந்தமாயிருந்தால், குற்றம் இதழ்களில் அன்று; பின்புறத்து நெம்புகோலில் இறுகிய பழைய கிரீசில் இருக்கலாம். ரஷ்ய ஹீலியோஸ் 44-2 போன்றவற்றில் துளையைக் கையாலேயே திருப்பி மூடுகிறோம். அங்கே சிறிது எண்ணெய் இருந்தாலும் கெடுதியில்லை. அதைத் தொடாமலிருப்பதே அறிவுடைமை.

இனி வேலைக்கு வருவோம். வெள்ளைத் துணி விரித்த மேசை வேண்டும். ஜப்பானிய லென்சில் சிலுவைத் தலைத் திருகாணி இருப்பின், ஜப்பானிய அளவுத் திருப்புளியையே எஸ்.பி. ரோட்டில் கேட்டு வாங்குக. சாதாரணத் திருப்புளி தலையைத் தேய்த்துவிடும். ஒவ்வொரு படியையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்க. துளை வளையத்தைத் தூக்கும்போது மிக மெதுவாகத் தூக்க வேண்டும். ‘டிக், டிக்’ என்ற ஓசையைத் தருகின்ற கடுகளவு எஃகுக் குண்டு ஒன்று அதனடியில் இருக்கும். அது துள்ளி ஓடினால் தேடிக் கிடைப்பது அரிது. கண்ணாடிகளை ஒவ்வொன்றாகப் பிரிக்காமல், பின்தொகுதியை இருமுனைச் சாவியால் முழுதாகத் திருகி எடுத்தால் இதழ்கள் வெளிப்படும். தூர மரையைக் கழற்றவே கூடாது.

பஞ்சுக்குச்சியைச் சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவில் தோய்த்து, சொட்டாதபடி பிழிந்து, இதழ்களைத் துடைக்க வேண்டும். துளையை மூடித் திறந்து, மறுபடி துடைக்க வேண்டும். குச்சி கறைபடாமல் வரும்வரை பத்துத் தடவையானாலும் செய்க. நாப்தாவை உள்ளே ஊற்றிவிடும் அவசரக்காரர்கள் உண்டு. கரைந்த எண்ணெய் கண்ணாடியில் படிந்து, ஒரு நோய் இரண்டாகும். தையல் இயந்திர எண்ணெயும் தேங்காயெண்ணெயும் இதற்கு மருந்தல்ல; அவைதாம் நோய். நாப்தா எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வைத்து, அறையில் எரியும் கொசுவர்த்தியை அணைத்துவிட்டுத் தொடங்குக. இதழ்களைத் தனித்தனியே கழற்றும் ஆசையும் வேண்டா. அவற்றின் நுனியிலுள்ள முளை பெயர்ந்தால் லென்ஸ் போயிற்று.

பூட்டியபின் மொட்டைமாடியிலிருந்து தொலைவுக் கட்டடம் ஒன்றைக் குவியப்படுத்தி, தெளிவு பழையபடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் இரண்டு நாள் விட்டு மறுபடி ஊசியை அழுத்திச் சோதிக்கவும். இடுக்கில் எஞ்சிய எண்ணெய் அதற்குள் வெளிவந்திருக்கும். வந்திருந்தால் இன்னொரு முறை துடைக்கவும். அதன் பிறகும் ஒட்டினால் கிரீசையே மாற்ற வேண்டும். அது மரையைக் கழற்றும் வேலை, கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுக.