செழியன் புதுப்பெயரா?

பேரனுக்குச் 'செழியன்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏதோ புதுசாக உண்டாக்கிய பெயர் என்று உறவினர்கள் கேலி செய்கிறார்கள். இதற்குப் பொருள் உண்டா?
– வாசகி, தேனி

புதுசா! வழுதி, மாறன் போலச் சங்ககாலப் பாண்டியர் சூடிய பெயரம்மா இது. 'செழு' என்றால் வளம்; செழியன் வளமுடையவன். தலையாலங்கானத்தில் சேர, சோழரோடு ஐந்து வேளிரையும் பாண்டியன் நெடுஞ்செழியன் வென்றபோது அவன் இளைஞன்தான். மதுரைக்காஞ்சிப் பாட்டின் தலைவனும் அவனே. பெயருக்குப் புதுவாழ்வு கொடுத்தது திராவிட இயக்கம்: அரசியல் தலைவர் நாராயணசாமி நெடுஞ்செழியனானார், தம்பி சீனிவாசன் இரா. செழியனானார். கேலியை விடுங்கள். ஆனால் ஒன்று: பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்யுங்கள்; பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை அதை மாற்றாதீர்கள். அந்த அண்ணன் தம்பி பெயர்களிலேயே 'செ' ஆங்கிலத்தில் இரண்டு விதம்!