திருடன் வராமலே கத்தும் அலாரம்

நள்ளிரவில் ஒரு வீட்டு அலாரம் அலறினால் முதல் தடவை தெருவே பால்கனிக்கு வரும். நாலாவது தடவை ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விடும். நிஜமாகத் திருடன் நுழையும் இரவிலும் அப்படித்தான் தூங்கும் என்பதால்தான் பொய் அலாரத்தைச் சின்ன தொல்லையாக நினைத்து விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவில் போலீசுக்குப் போகும் திருட்டு அலாரங்களில் 94 முதல் 98 சதவீதம் வரை பொய் என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். அலுத்துப்போன சால்ட் லேக் சிட்டி போலீஸ், யாராவது நேரில் பார்த்து உறுதி சொன்னால்தான் வருவோம் என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி போட்டுவிட்டது.

“அது தானா கத்துதுங்க” என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கும் முதல் பேச்சு. தானாக எந்த அலாரமும் கத்தாது. எந்த ஜோன் (சென்சார் பகுதி), எத்தனை மணி என்பதைப் பெரும்பாலான அலாரம் பேனல்கள் நினைவில் வைத்திருக்கும். டெக்னீஷியனைக் கூப்பிடும் முன் கீபேடில் அதைப் பார்த்து எழுதி வையுங்கள். தினமும் காலை ஏழு மணிவாக்கில் கத்தினால் கிழக்கு ஜன்னல் வழியாக வரும் வெயிலைச் சந்தேகப்படலாம். காற்றடிக்கிற ராத்திரியில் மட்டும் என்றால் கதவு. கரன்ட் போகும்போதெல்லாம் என்றால் பேட்டரி.

ஹால் மூலையில் இருக்கும் வெள்ளைப் பெட்டி கதிர் வீசுகிறது, அதை யாராவது குறுக்கே வெட்டினால் கத்துகிறது என்று படித்தவர்களே நம்புகிறார்கள். வீடுகளில் பரவலாக இருக்கும் பி.ஐ.ஆர் சென்சார் எதையும் வீசுவதில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் முகப்பிலுள்ள வரிவரியான பிளாஸ்டிக் வில்லை, அறையை விசிறி மடிப்புபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. சுற்றுப்புறத்திலிருந்து மாறுபட்ட வெப்பம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் அதற்கு ஆள் நடந்த மாதிரி. வெயிலில் சூடாகி, நிறுத்த மறந்த ஃபேன் காற்றில் ஆடும் திரைச்சீலையும் அதற்கு ஆள்தான். பூஜை அலமாரியில் துடிக்கும் தீபமும் ஆள்தான். விளக்கேற்றிவிட்டு வெளியே கிளம்புவது பல வீடுகளில் வழக்கம். அதை விடச் சொல்ல எனக்கு மனமில்லை; அலமாரி பார்வையில் படாத மூலைக்குச் சென்சாரை மாற்றச் சொல்லுங்கள்.

ரோட்டில் போகிறவரைப் பார்த்துக் கத்துகிறது என்பதும் தவறு. மனித உடலின் வெப்பக்கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. ஜன்னல் திறந்திருந்தால்தான் அந்தச் சந்தேகமே எழ வேண்டும்.

பல்லிக்கு வருவோம். “பல்லி குளிர்ரத்தப் பிராணி, அதுவும் விரல் நீளம், அதையெல்லாம் சென்சார் கண்டுகொள்ளாது” என்கிறார்கள். அறையின் அந்தக் கோடியில் ஓடினால் கண்டுகொள்ளாதுதான். வில்லையின் மேலேயே ஏறினால் கதை வேறு: விரல் நீள உடம்பு பல பட்டைகளை ஒரே நேரத்தில் மறைத்துவிடும். டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் சென்சார் இருந்தால் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும், சிலந்தி வலை கட்டும். மூடியைக் கழற்றிப் பார்த்தால் ஒயர் நுழையும் துளை வழியாக எறும்பு சாரை போயிருக்கும். சர்க்யூட் போர்டின் மேலேயே குடியிருக்கும். அந்தத் துளையைச் சிலிகான் வைத்து அடைப்பது அஞ்சு நிமிஷ வேலை. வில்லையை மென்மையான துணியால் துடைத்தாலே போதும். பூச்சி மருந்தை அதன் மேல் நேராக அடிக்காதீர்கள்.

எனக்குக் கோபம் வரவைக்கும் நம்பிக்கை ஒன்று உண்டு: “சென்சிடிவிட்டியைக் குறைச்சிட்டா சரியாயிடும்.” சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் நம் கோடையை நினைத்துப் பாருங்கள். தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 33, 34 டிகிரி. மே மாதம் பூட்டிக் கிடக்கும் ஹாலின் சுவரும் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். ஆளுக்கும் சுவருக்கும் வெப்ப வித்தியாசம் இல்லாவிட்டால் சென்சார் ஏற்கெனவே பாதிக் குருடு. நல்ல சென்சார்கள் இதை ஓரளவு ஈடுகட்டிக்கொள்ளும். பாதிக் குருடான சென்சாரைத்தான் இன்னும் திருகிக் குறைக்கிறோம், அதுவும் குடும்பமே ஊருக்குப் போகிற விடுமுறை மாதத்தில். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் சென்சிடிவிட்டியில் கை வைக்கும் டெக்னீஷியனைத் தடுத்து நிறுத்துங்கள்.

‘பெட் இம்யூன்’ என்று எழுதிய சென்சார் 25 கிலோ வரை நாயைக் கண்டுகொள்ளாது என்பார்கள். அது எடை பார்க்கும் கருவி இல்லை. தரையை ஒட்டிய நடமாட்டத்தை ஒதுக்குகிறது, அவ்வளவே. மூணு கிலோ பூனை பீரோ மேல் ஏறினால் சைரன் அடிக்கும்.

கதவுச் சென்சாரில் ஒரு காந்தமும், அது அருகில் இருப்பதை உணரும் ஒரு ரீட் சுவிட்சும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதும், வெயிலில் சுருங்கும். நிலைக்கும் கதவுக்கும் இடைவெளி கொஞ்சம் கூடினாலே காந்தத்தின் பிடி விளிம்புக்கு வந்துவிடும். அப்புறம் காற்றில் கதவு லேசாக ஆடினால் போதும். இரும்புக் கதவில் நேரடியாகப் பொருத்திய காந்தத்தின் பலத்தை இரும்பே இழுத்துக்கொள்ளும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை வைக்க வேண்டும். தளர்ந்த தாழ்ப்பாளை இறுக்கியதிலேயே தீர்ந்துபோன அலாரங்கள் ஏராளம்.

“பேட்டரி இருக்கே, கரன்ட் போனா என்ன?” பேனலுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. மூன்று முதல் ஐந்து வருடம் உழைக்கும். சூடான இடத்தில் இன்னும் சீக்கிரம் சாகும். செத்த பேட்டரி கரன்ட் இருக்கும்வரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, போனதும் வோல்டேஜைக் கைவிடும். ஒயர் இணைப்புள்ள சென்சார் பலவற்றில், மின்சாரம் போதாவிட்டால் உள்ளே இருக்கும் ரிலே திறந்துகொள்ளும்; பேனலுக்கு அது அலாரம்தான். ஒயரை வெட்டும் திருடனைப் பிடிப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பேனலுக்குப் போகும் மெயின் சுவிட்சை அணைத்து, அரைமணி கழித்து மல்டிமீட்டரில் பேட்டரியைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஜோன் தொல்லை கொடுத்தால், அந்தச் சென்சாரையும் ஒழுங்காக வேலை செய்யும் அதே மாடல் இன்னொன்றையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். தொல்லை சென்சாரோடு போனால் சென்சார் கோளாறு. பழைய இடத்திலேயே நின்றால் இடமோ ஒயரோதான். கடலோர ஊர்களில் முறுக்கி டேப் சுற்றிய ஒயர் இணைப்புகள் உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடக்கும்.

கோளாறு சரியாகும்வரை அந்த ஜோனைப் பைபாஸ் செய்வது, அதாவது அதை மட்டும் ஒதுக்கி வைப்பது, தவறில்லை. சில பேனல்களில் அலாரத்தை ஒருமுறை அணைத்ததும் பைபாஸ் தானே நீங்கிவிடும், சிலவற்றில் நீங்காது. பழுது பார்த்து முடித்ததும் கீபேடில் அதைச் சரிபாருங்கள். வழக்கமாக ஓடும் ஃபேன், ஏசி எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாக் டெஸ்ட் போட்டு, ஹாலில் மெதுவாக நடந்து பார்த்துவிட்டு டெக்னீஷியனை அனுப்புங்கள்.