வாயிற்கோலமும் வாழ்த்தோவியமும்

விழா என்பது மக்கள் தம் பிறந்த மண்ணை மறவாமைக்கு ஓர் அடையாளமாகும். ஆண்டு முழுதும் உழைப்பில் ஆழ்ந்தவர்கள், அந்நாளில் வீட்டைத் தூய்மை செய்து, சுற்றத்தோடு கூடி உண்டு, முன்னோரை நினைந்து மகிழ்கின்றனர். உணவும் உடையும் பாட்டும் போலவே கோடும் வண்ணமும் விழாவில் இடம்பெறுதலைப் பல நாடுகளிலும் காணலாம். சொல், ஒரு மொழியாரோடு நின்றுவிடும். ஓவியமோ மொழியின் எல்லையைக் கடந்து செல்லும். ஆயினும், ஓவியத்துக்கும் ஒரு மரபு உண்டு. அம்மரபு நாட்டுக்கு நாடு வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கேட்டறிந்து அளவளாவுதல் நட்பை வளர்க்கும் வழியாகும். இதனைக் கண்கூடாக உணர்த்தும் இடம், திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை பரந்து கிடக்கும் தொழில் நிலமாகும்.

பல நாட்டார் கூடும் இடம்

காஞ்சிபுர மாவட்டத்திலுள்ள திருப்பெரும்புதூர், இராமானுசர் பிறந்த ஊர். ஏரிப் பாசனமும் நெல்வயல்களும் சூழ்ந்த அப்பகுதி, 1990ஆம் ஆண்டுகளில் புதிய தோற்றம் கொள்ளத் தொடங்கிற்று. கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம், 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து தன் முதற் காரை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ரெனோவும் ஜப்பானிய நிசானும் கூடி அமைத்த ஆலை ஒரகடத்தில் திறக்கப்பெற்றது. 2012ஆம் ஆண்டில் செர்மானியரின் சரக்கு வண்டி ஆலையும் அங்கே தொழில் தொடங்கியது.

ஆலைகள் வந்தன, அவற்றோடு மக்களும் வந்தனர். கொரியாவினின்றும் ஜப்பானினின்றும் பொறியாளர்கள் வந்தனர். ஒடிசா, பீகார், அசாம் முதலிய மாநிலங்களினின்றும் இளைஞர்கள் வந்தனர். தமிழ்நாட்டின் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்தும் ஆடவரும் மகளிரும் வந்து விடுதிகளில் தங்கினர். இவர்கள் அனைவரும் ஒரே சாலையில் நடக்கின்றனர். ஒரே கடையில் தேநீர் பருகுகின்றனர். எனினும், ஒருவர் விழா மற்றவருக்குத் தெரிவதில்லை. ஒடியரையும் பீகாரியரையும் அசாமியரையும் ‘வடக்கத்தியர்’ என்னும் ஒரே பெயரால் சுட்டிவிடுகின்றோர் பலர். விழா நாளில் வீடு திரும்ப இயலாத தொழிலாளியின் தனிமையை அப்பெயர் உணர்த்துமா? அவர் ஊரில் அன்று வாயிலில் என்ன வரைவர் என்று கேட்டறிதலே அவரை அறிதற்கு முதற்படியாகும்.

தமிழர் கோலம்

மார்கழித் திங்களில் தமிழகத்து மகளிர் விடியற்காலையில் வாயில் தெளித்துக் கோலமிடுவர். சாணத்தின் நடுவே பூசணிப்பூவைச் செருகி வைப்பர். பச்சரிசி மாவால் இடுங்கோலம் எறும்புக்கும் சிறு பறவைக்கும் உணவாகும். புள்ளிகளை வரிசையாக வைத்து, அவற்றைச் சுற்றி வளைந்து செல்லும் கோட்டால் அமைப்பது சிக்குக்கோலம். அதனை எழுதுகோலும் அளவுகோலும் இன்றி விரல்களாலேயே வரைந்து முடிக்கும் திறம் வியத்தற்குரியது.

கோலத்தின் அமைப்பு கணித அறிஞரையும் கவர்ந்தது. ஒரகடத்துக்கு அணித்தாகிய தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களாகிய கிப்ட் சிரோன்மணியும் இராணி சிரோன்மணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து கோலங்களை ஆராய்ந்தனர். சொற்களைக் கோத்து வாக்கியம் அமைத்தற்கு இலக்கணம் இருத்தல் போல, சிறு வடிவங்களைக் கோத்துக் கோலம் அமைத்தற்கும் விதிகளை வகுக்கலாம் என்பதை அவர்கள் 1974ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் காட்டினர். பின்னர் 2007ஆம் ஆண்டில் யனகிசாவா, நகாதா என்னும் ஜப்பானியர் இருவரும் கோலத்தின் வடிவமைப்பை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். தமிழகத்து வாயிற்படியில் பிறந்த கோடு, கடல் கடந்து ஜப்பானியர் மேசையிலும் இடம்பெற்றமை காண்க!

ஒடிசாவும் பீகாரும்

ஒடிசா நாட்டிலும் அரிசியே வண்ணமாகிறது. ஆனால் அங்கே உலர்ந்த மாவைத் தூவாமல், அரிசியை ஊறவைத்து அரைத்த குழம்பைக் கொண்டு வரைவர். அவ்வோவியத்துக்கு ‘ஜோதி’ என்றும் ‘சிதா’ என்றும் பெயர். மார்கசிரத் திங்களின் வியாழக்கிழமைதோறும் திருமகளை வழிபடும் ஒடிய மகளிர், நெற்கதிர்களையும், வாயிலிலிருந்து வீட்டினுள் செல்லும் சிறிய அடிச்சுவடுகளையும் வரைகின்றனர். கண்ணன் பிறந்த நாளில் தமிழர் இல்லங்களில் மாவால் இடப்பெறும் அடிச்சுவடுகளை அறிந்தவர்க்கு, இவ்வழக்கம் புதிதாகத் தோன்றாது.

அந்த வியாழக்கிழமைகளில் ‘லட்சுமி புராணம்’ என்னும் ஒடிய நூல் ஓதப்பெறும். அதனை இயற்றியவர் பலராம தாசர். தாழ்த்தப்பட்ட குலத்தவள் என்று ஊரார் ஒதுக்கிய சிரியா என்னும் பெண், தன் குடிலைத் தூய்மை செய்து கோலமிட்டு வழிபட்டாள். திருமகள் அவள் இல்லம் சென்றாள். அதனைக் குற்றமாகக் கொண்டு சகந்நாதரும் அவர் தமையன் பலபத்திரரும் திருமகளை வெளியேற்றினர். உடனே அவர்கள் செல்வம் அழிந்தது. உணவின்றி அலைந்த இருவரும் இறுதியில் அவள் மனையிலேயே உண்டு பசி தீர்ந்தனர். திருமகள் திரும்பி வருதற்கு விதித்த கட்டளை, எக்குலத்தவரும் வேறுபாடின்றிக் கூடி உண்ணவேண்டும் என்பதாகும். வாயிலில் இட்ட கோலம் குலம் பார்த்து விருந்தை அழைப்பதன்று என்னும் உயரிய கருத்து இக்கதையுள் பொதிந்துள்ளது.

பீகாரின் வடபகுதியாகிய மிதிலையில் தரையில் இடும் ஓவியம் ‘அரிபன்’ எனப்படும். அரைத்த அரிசியால் வரைந்து, அதன்மேல் செந்தூரப் பொட்டு வைப்பர். மிதிலை மகளிர் சுவரிலும் ஓவியம் தீட்டுவர். 1934ஆம் ஆண்டில் பீகாரில் நேர்ந்த நிலநடுக்கத்தால் இடிந்த வீடுகளைப் பார்வையிட வந்த வில்லியம் ஆர்ச்சர் என்னும் ஆங்கில அலுவலர், உட்சுவர்களில் இருந்த ஓவியங்களைக் கண்டு வியந்து, பின்னர் அவற்றை உலகுக்கு எடுத்துரைத்தார்.

பீகாரியரின் பெருவிழா ‘சட்’ என்பது. தீபாவளிக்குப் பின் ஆறாம் நாள் மாலையில் மறையும் ஞாயிற்றையும், மறுநாட் காலையில் எழும் ஞாயிற்றையும் நீர்நிலையில் நின்று வணங்குவர். நோன்பிருப்பவர் நீரும் அருந்தார். கரும்பு அவ்விழாவிலும் உண்டு. தமிழர் பொங்கலிலும் உண்டு. இரு விழாக்களும் ஞாயிற்றை வணங்குவனவே. ஆயினும், தமிழன் புதுப்பானை பொங்கும் பொழுது மகிழ்ந்து ஆர்ப்பரிக்கின்றான். பீகாரி பட்டினி கிடந்து நீரில் நிற்கின்றான். நன்றி ஒன்றே, அதனைச் செலுத்தும் முறை வேறு.

ஜப்பானியர் வாழ்த்தட்டை

ஜப்பானியர் 1873ஆம் ஆண்டில் ஆங்கில நாட்காட்டியை ஏற்றுக்கொண்டமையால், சனவரி முதல் நாளையே புத்தாண்டாகக் கொண்டாடுகின்றனர். அந்நாளில் சேருமாறு உறவினர்க்கும் நண்பர்க்கும் ‘நெங்காஜோ’ என்னும் வாழ்த்தட்டை அனுப்புவது அவர் வழக்கம். முன்னரே இடப்பெற்ற அட்டைகளை அஞ்சலகம் சேர்த்து வைத்துப் புத்தாண்டுக் காலையில் வீடுதோறும் வழங்கும். 1949ஆம் ஆண்டு முதல் பரிசுக்குலுக்கல் எண் பொறித்த அட்டைகளும் வெளிவந்தன. கைபேசி வந்தபின் அட்டைகளின் தொகை மிகக் குறைந்துவிட்டது. எனினும் வழக்கம் முற்றும் அழிந்திலது. தமிழகத்திலும் பொங்கல் வாழ்த்து அட்டைகளை அஞ்சற்காரர் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்த காலம் ஒன்று இருந்ததன்றோ?

பன்னீராண்டுச் சுழற்சியில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு விலங்கு உண்டு. 2025 பாம்பு ஆண்டு; 2026 குதிரை ஆண்டு. அவ்வவ் விலங்கை அட்டையில் வரைவர். எலி ஆண்டில் எலியின் படம் வரும். நெற்குதிரைக் கொள்ளையிடும் எலியை வாழ்த்தட்டையில் கண்டு தமிழ்ச் சிறுவன் நகைத்தல் கூடும். பிள்ளையாருக்கு எலி ஊர்தியாதலைக் கேட்டு ஜப்பானியச் சிறுவனும் அவ்வாறே நகைப்பான். இருவர் நகையும் இகழ்ச்சியாகாது. ஒருவரை ஒருவர் அறியும் மகிழ்ச்சியே ஆகும்.

கொரியரின் புலியும் பறவையும்

கொரியர் புத்தாண்டைச் சந்திர மாத முறைப்படி கொண்டாடுவர். ‘சொல்லால்’ எனப்படும் அவ்விழா சனவரியின் பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும். இளையோர் பெரியோரை மண்டியிட்டு வணங்கி வாழ்த்துப் பெறுவர். அரிசி மாவுத் துண்டுகளை இட்ட சாறு பருகுவர். முற்காலத்தில் அந்நாளில் புலியும் மாக்பை என்னும் பறவையும் உள்ள ஓவியங்களைக் கதவில் ஒட்டும் வழக்கம் இருந்தது. புலி தீமையை ஓட்டும். பறவை நற்செய்தி கொணரும் என்பது நம்பிக்கை. அப்புலி பெரும்பாலும் அச்சந் தருவதாக இராது. நகைப்பை விளைக்கும் முகத்தோடு அமர்ந்திருக்கும். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக் விளையாட்டின் சின்னமாக விளங்கியதும் ஒரு புலிக்குட்டியே.

காலையில் மாக்பை கூவினால் இனிய விருந்தினர் வருவர் என்பர் கொரியர். தமிழர்க்கோ, விருந்தின் வரவை அறிவிப்பது காக்கை. விருந்து வரக் கரைந்த காக்கையைப் பாடிய சங்கப் புலவர் நச்செள்ளையார், காக்கைபாடினியார் என்றே பெயர் பெற்றார். பொங்கலை அடுத்து வரும் கணு நாளில் காக்கைக்குச் சோறிடுவாரும் தமிழரிடை உளர். ஆனால் கொரியர் காக்கையைத் தீக்குறியாகக் கருதுவர். ஆதலின், அன்பு மிகுந்து காக்கையின் படத்தைக் கொரிய நண்பருக்கு வரைந்து அனுப்பினால், அவர் மருளக் கூடும். படத்தோடு அதன் கதையையும் எழுதி அனுப்பினால், மருட்சி நீங்கி மகிழ்ச்சி பிறக்கும்.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. தமிழர்க்குச் செந்நிறம் மங்கல நிறம். கொரியரோ, உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பு மையால் எழுதுதலைத் தீயதாகக் கருதுவர். குங்குமத்தை நினைந்து நண்பர் பெயரைச் சிவப்பில் எழுதும் தமிழ் மாணவனின் உள்ளம் தூயது. ஆனால் அதனைப் பெறுவோர் உள்ளம் துணுக்குறும். நல்லெண்ணம் மட்டும் போதாது, அறிவும் துணைநிற்றல் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

கருவிகளைப் போற்றுதல்

தொழில் நிலத்துக்கே உரிய விழா ஒன்றுண்டு. ஆயுத பூசை நாளில் தமிழ்த் தொழிலாளர் பொறிகளைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவர். ஒடிசா, பீகார், அசாம் நாட்டவர் செப்டம்பர்த் திங்களில், பெரும்பாலும் 17ஆம் நாள், விசுவகர்ம பூசை நடத்துவர். ஜப்பானில், முறிந்த தையல் ஊசிகளை மென்மையான சோயாக் கட்டியில் செருகி, அவை செய்த தொண்டிற்கு நன்றி கூறும் நாள் உண்டு. அது பிப்ரவரி 8ஆம் நாளிலோ திசம்பர் 8ஆம் நாளிலோ நிகழும். நாள் வேறு, முறை வேறு. எனினும், உழைப்புக்குத் துணைநின்ற கருவியை உயிருள்ளது போலப் போற்றும் உள்ளம் ஒன்றே.

இளைஞரும் ஓவியமும்

இக்காலத்து இளைஞர், தாம் விரும்பும் சித்திரக் கதை மாந்தரைத் தாமே வரைந்து, கைபேசி வழியாக நாடு கடந்து பரிமாறி மகிழ்கின்றனர். இவ்வாறு வரைவோர் கூடும் சந்தை ஒன்று 1975ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் தோக்கியோவில் சிறிய அளவில் தொடங்கிப் பின்னர் மிகப் பெரிதாக வளர்ந்தது. முகம் அறியாதவரும் ஓவியத்தால் நண்பராயினர். ஒருவர் தம் கதைத்தலைவனுக்கு வேட்டி உடுத்திப் பொங்கற்பானை அருகே நிறுத்தலாம். மற்றொருவர் அவனுக்கே கொரிய உடை அணிவித்துப் பெரியோரை வணங்கச் செய்யலாம். “இப்பானை ஏன் பொங்கி வழிகிறது?” என்று ஒருவர் கேட்பார். மற்றவர் விடையளிப்பார். ஒரு படம், ஒரு வினா, ஒரு விடை என்னும் இவ்வளவிலேயே இரு நாடுகள் அளவளாவி விடுகின்றன. கடல் கடந்தவரோடு இங்ஙனம் அளவளாவும் இளைஞர், அடுத்த அறையில் வாழும் ஒடிய இளைஞரிடமும் ‘உம் ஊரில் இன்று என்ன வரைவர்?’ என்று கேட்டல் வேண்டாவோ?

வெறும் வாயில்

கோலம் இட்ட வாயில் பேசுவது போலவே, கோலம் இடாத வாயிலும் பேசும். இறப்பு நேர்ந்த வீட்டில் தமிழர் கோலம் இடுவதில்லை. அவ்வாண்டு விழாவும் கொண்டாடுவதில்லை. ஜப்பானியரும், இறப்பு நேர்ந்த ஆண்டில் வாழ்த்தட்டை அனுப்புவதில்லை; ‘இவ்வாண்டு நாங்கள் துயரில் உள்ளோம்’ என்று முன்கூட்டியே நண்பர்க்கு அறிவித்து விடுவர். வெறுமையாகக் கிடக்கும் வாயிலைக் கண்டு குரல் தாழ்த்திச் செல்லும் தமிழரும், அவ்வறிவிப்பைப் பெற்று வாழ்த்தட்டையைத் தவிர்க்கும் ஜப்பானியரும் ஒரே பண்பினரே. மகிழ்ச்சியை வெளியிடுதலில் மக்கள் பலவாறு வேறுபட்டாலும், துயருற்றாரைப் போற்றுதலில் பெரிதும் ஒன்றுபடுகின்றனர்.

ஆகவே, பிறர் விழாவைக் காணுங்கால், அது நம் விழாப் போன்றதே என்று விரைந்து கூறுதலும் பிழை. நம்மிற் சிறிதும் ஒவ்வாதது என்று ஒதுக்குதலும் பிழை. வேறுபாட்டைப் பொறுமையோடு கேட்டறிந்து, ஒற்றுமையை அதனுள் காணுதலே அறிவுடைமை. கோலத்தின் கோடு, புள்ளிகளுள் ஒன்றையும் அழிப்பதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்திலேயே நிற்கவிட்டு, அனைத்தையும் வளைத்து ஓருருவாக்குகின்றது. பல நாட்டாரும் கூடி வாழும் ஊர்களுக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேண்டுமோ?