மென்பொருளும் பாடவேறுபாடும்

நுழையும்முன்
ஒரே கட்டுரையை நால்வர் திருத்தினால், எவர் எதனை மாற்றினார் என்பதை எவ்வாறு அறிவது? மென்பொருள் குழுக்கள் இவ்வினாவிற்குக் கண்ட விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தபோது கைமாறுந்தோறும் சில சொற்கள் மாறின. இதனைப் பாடவேறுபாடு என்பர். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிக்குமுன் பல சுவடிகளை ஒப்புநோக்கினார். மாற்றியவர் யார், மாற்றியது ஏன் என்னும் குறிப்பு ஏடுகளில் இல்லாமையால் அவர்தம் உழைப்பு பன்மடங்கு பெருகியது.

மென்பொருள் எழுதுவோர்க்கும் இவ்விடர் உண்டு. கொச்சியை அடுத்த களமசேரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், புதுத்தொழில் முனைவோர்க்கான கேரள அரசின் வளாகமும் அமைந்துள்ளன. இத்தகைய இடங்களில் பலர் கூடி ஒரே நிரலை எழுதுவர். ஒருவர் திருத்தத்தை மற்றொருவர் அழித்துவிடாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் பெயர், நாள், காரணத்துடன் பதிந்து காப்பதே பதிப்புக் கட்டுப்பாட்டு முறை.

இது இரு வகைப்படும். சிவிஎஸ், சப்வெர்ஷன் ஆகியன மையமுறையின. முழு வரலாறும் ஒரே வழங்கியில் இருக்கும். கிட், மெர்க்கூரியல் ஆகியன பகிர்முறையின. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றின் படி இருக்கும். மையமுறையில் மாற்றத்தைப் பதிய வழங்கியின் தொடர்பு தேவை. பகிர்முறையில் இணையம் இல்லாதபோதும் பதியலாம். பின்னர் பிறருடைய பணியோடு இணைக்கலாம்.

கருவியைத் தேர்வது வசதியை மட்டும் பொறுத்ததன்று. லினக்ஸ் கருநிரலை உருவாக்கியோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியார் கருவியை இலவச உரிமத்துடன் பயன்படுத்தினர். 2005இல் கருத்து வேறுபாடு எழவே அவ்வுரிமம் திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் பரவிய பெருங்குழு ஒன்று திடீரெனக் கருவியின்றி நின்றது. லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரலில் கிட் கருவியை எழுதத் தொடங்கினார். ஜூன் மாதம் வெளிவந்த கருநிரல் பதிப்பு கிட் வழியாகவே மேலாண்மை செய்யப்பட்டது. மெர்க்கூரியலும் அதே சூழலில், அதே மாதத்தில் பிறந்ததேயாகும்.

ஆயினும் கிட் எல்லார்க்கும் பொருந்தும் எனல் ஆகாது. பெரிய படங்களும் ஒலிக்கோப்புகளும் மிக்க பணியில் முழு வரலாற்றையும் ஒவ்வொருவரும் சுமப்பது பாரமாகும். ஒருவர் திருத்தும்போது பிறர் தொடாதவாறு கோப்பைப் பூட்டி வைக்கும் வசதி சப்வெர்ஷனில் உண்டு. கோப்பின் தன்மை, இணைய வசதி, குழுவினரின் பழக்கம், கருவியின் உரிமம் ஆகிய நான்கையும் ஆராய்ந்தே தெளிதல் வேண்டும்.

கேரளத்தில் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்னும் தன்னார்வக் குழு, தன் எழுத்துருக்களின் மூலங்களைக் கிட் களஞ்சியங்களில் எவரும் காணுமாறு வைத்துள்ளது. அக்குழு வழங்கிய 'மீரா இனிமை' தமிழ் எழுத்துரு ஆகும். ஊர்விட்டு ஊர் வாழ்வோரும் ஒரே பணியில் கைகோத்து, தம் மொழிக்கும் அண்டை மொழிக்கும் தொண்டாற்ற இம்முறை துணைநிற்கிறது. உழைப்பின் வரலாறு ஒருவர் கையில் மட்டும் இருப்பின் அது என்றேனும் இழக்கப்படலாம். பலர் கையில் இருப்பின் நிலைக்கும்.

சொற்பொருள்
நிரல் – கணினிக்கான கட்டளைத் தொகுதி
வழங்கி – பிற கணினிகளுக்குத் தரவு அளிக்கும் கணினி
களஞ்சியம் – நிரலும் அதன் வரலாறும் சேமிக்கப்படும் இடம்
இடர் – துன்பம்

பயிற்சி
1. பாடவேறுபாடு என்றால் என்ன?
2. மையமுறை, பகிர்முறை – வேறுபடுத்துக.
3. பிட்கீப்பர் நிகழ்வு உணர்த்தும் பாடம் யாது?
4. பிரித்து எழுதுக: ஏட்டுச்சுவடி, பன்மடங்கு, அவ்வுரிமம்.
5. பள்ளி ஆண்டுமலரை ஐவர் சேர்ந்து தொகுக்கின்றனர், படங்கள் மிகுதி. எம்முறை பொருந்தும்? காரணத்துடன் ஐந்து தொடர்களில் எழுதுக.