மூக்கைத் தாழ்த்தினால்தான் விமானம் மேலேறும்

'ஸ்டால்' என்ற சொல்லே முதல் தடை. பைக் ஸ்டால் ஆனால் இன்ஜின் நின்றுவிடும். விமானத்திலும் அப்படித்தான் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். இன்ஜின் முழு வேகத்தில் ஓடும்போதும் விமானம் ஸ்டால் ஆகும். வாகைக்குளம் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களைப் பார்த்து வளரும் எங்கள் பாஞ்சாலங்குறிச்சிப் பிள்ளைகளுக்கு இதை நான் இறக்கையிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

இறக்கை எதிர்க்காற்றைச் சந்திக்கும் கோணம் கூடக் கூடத் தூக்குவிசையும் கூடும். ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால், மேற்பரப்பில் படிந்து ஓடிய காற்று பிரிந்து சுழலும், தூக்குவிசை சரியும். இதுதான் ஸ்டால்.

வகுப்பில் காட்டுவது எளிது. கெட்டி அட்டையை லேசாக வளைத்து, மேற்புறத்தில் சிறு நூல் துண்டுகளை ஒட்டுங்கள். மின்விசிறிக் காற்று முறுக்கிக்கொண்டு வரும் என்பதால் இடையில் ஸ்ட்ராக்களைக் கட்டாகக் கட்டி வையுங்கள். அட்டையை மெல்லச் சாய்த்தால், படிந்திருந்த நூல்கள் ஒரு கட்டத்தில் எழும்பித் துள்ளும். 15 பாகைக்கு முன்பே துள்ளினாலும் கவலை வேண்டாம், அது அட்டைதானே!

விமானிப் பயிற்சியில், போதிய உயரத்தில் இன்ஜின் விசையைக் குறைத்து, வேண்டுமென்றே மூக்கை உயர்த்துவார்கள். எச்சரிக்கை ஒலிக்கும், விமானம் நடுங்கும், மூக்கு கவிழும். உடனே கட்டுப்பாட்டுத் தண்டை முன்னே தள்ளிக் கோணத்தைக் குறைக்க வேண்டும்; கூடவே இன்ஜின் விசையைக் கூட்டி, இறக்கைகளைச் சமன்படுத்தி, மெல்ல ஏற வேண்டும். விழும் நேரத்தில் கை தண்டைப் பின்னால் இழுக்கத்தான் துடிக்கும். அதை அடக்கப் பழகுவதுதான் கடினமான பகுதி.

2000 ஜூலை 17 அன்று பாட்னாவில் தரையிறங்க வந்த அலையன்ஸ் ஏர் போயிங் 737 விமானம் விழுந்து, தரையில் இருந்தவர்கள் உட்பட 60 பேர் இறந்தனர். விமானம் தேவைக்கு மேல் உயரத்தில் வந்தது. இன்ஜின் விசை குறைவு, வேகமும் குறைவு, மூக்கோ உயர்ந்திருந்தது. தண்டு அதிர்ந்து எச்சரித்தது. விமானிகள் ஸ்டாலிலிருந்து மீளும் முறையை விட்டு, தரையிறங்காமல் மீண்டும் மேலெழும் முறையைக் கையாண்டதால் விமானம் முழுமையாக ஸ்டால் ஆனது என்றது விசாரணை.

"தரை பக்கத்தில் இருக்கும்போது மூக்கைத் தாழ்த்த இடம் ஏது சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. தலைகீழாகப் பாய வேண்டியதில்லை. கோணம் எல்லைக்குக் கீழே வந்தால் போதும், காற்று மறுபடி இறக்கையில் படியும். தண்டு அதிர்வது ஸ்டாலுக்குச் சற்று முன்பே என்பதால், அப்போதே தாழ்த்தினால் இழக்கும் உயரமும் குறைவு.