கடைத் தரைக்கு நீராவி வாக்குவம் கிளீனர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

கடலோரத்தில் கடை வைத்திருப்பவருக்குக் காலையில் முதல் வேலை தரையைக் கூட்டுவது. இரவு கடை அடைக்கும் முன் கடைசி வேலையும் அதுவே. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் செருப்பில் கொஞ்சம் மணலைக் கொண்டு வருகிறார். கடைக்குள்ளோ எண்ணெய்ச் சிந்தல், கடலை மாவு, மிளகாய்த் தூள், வெல்லப் பிசுபிசுப்பு. இவை மணலோடு சேர்ந்தால் துடைப்பத்திற்கும் அடங்குவதில்லை, ஈரத் துணிக்கும் அடங்குவதில்லை.

இந்த நேரம் பார்த்து ஒரு விற்பனையாளர் மெஷினோடு வந்து, நாம் சுத்தம் என்று நினைத்த தரையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, வெள்ளைத் துணியைக் கறுப்பாக்கிக் காட்டினால் ஆசை வருவது இயற்கை. 1982இல் தொடங்கப்பட்ட யுரேகா ஃபோர்ப்ஸ் நிறுவனம் வீடு வீடாகச் சென்று வாக்குவம் கிளீனரை இயக்கிக் காட்டி விற்ற காலத்திலிருந்தே இவ்வகை விற்பனை நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரு சிறு கடையின் பல நாள் லாபம் இதில் அடங்கியிருக்கிறது. எனவே வாங்குமுன் சில செய்திகளைத் தெரிந்து கொள்வோம்.

மெஷின் மூன்று வகை

"ஸ்டீம் வாக்குவம்" என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்பனைக்கு வருகின்றன.

1. நீராவித் துடைப்பான் (ஸ்டீம் மாப்): தண்ணீரைச் சுடவைத்து, அடியில் மாட்டிய துணி வழியே நீராவி விடும். உறிஞ்சாது. முன்னதாகத் தரையைக் கூட்டியாக வேண்டும்.

2. உறிஞ்சலும் நீராவியும் சேர்ந்தது: முன்பகுதி உலர்ந்த தூசியை உறிஞ்சும், பின்பகுதியில் உள்ள துணி நீராவியால் துடைக்கும். உண்மையில் ஸ்டீம் வாக்குவம் என்று சொல்லத் தகுந்தது இதுதான். இதிலும் பெரும்பாலானவற்றின் உறிஞ்சும் பகுதி உலர்ந்த குப்பைக்கு மட்டுமே. சிந்திய எண்ணெயையோ தண்ணீரையோ உறிஞ்ச விட்டால் மோட்டார் கெடும்.

3. கழுவி உறிஞ்சும் மெஷின்: தண்ணீரைத் தெளித்து, உருளையால் தேய்த்து, அழுக்கு நீரைத் திரும்ப உறிஞ்சிக் கொள்ளும். பெரும்பாலும் இதில் நீராவி கிடையாது. ஈரச் சிந்தல் அதிகமுள்ள கடைக்கு இது ஏற்றது.

நமக்கு எது வேண்டும் என்பதை நம் கடையில் விழும் குப்பைதான் தீர்மானிக்க வேண்டும். அரிசி, பருப்பு, மணல் மட்டும் என்றால் சாதாரண வாக்குவம் கிளீனரே போதும். எண்ணெய்க் கறையும் பிசுக்கும் அன்றாடம் என்றால்தான் நீராவிக்கு வேலை.

நம் தரை எது?

கிரானைட், விட்ரிஃபைடு டைல்ஸ், செராமிக் டைல்ஸ் ஆகியவை விரிசல் இல்லாமல், இடுக்குகள் நன்றாக அடைபட்டிருந்தால் நீராவியைத் தாங்கும். மொசைக்கும் மார்பிளும் தாங்கும் என்றாலும் பாலிஷ் மங்கக் கூடும். ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே எங்கும் பயன்படுத்த வேண்டும். மெழுகு போட்டு வளர்த்த சிவப்பு ஆக்சைடு தரையில் மெழுகு உருகித் திட்டுத் திட்டாகிவிடும். ஒட்டிய வினைல் விரிப்பில் பசை இளகும். மரப்பலகைத் தரையில் ஈரம் இறங்கி உப்பும். இம்மூன்றுக்கும் நீராவி வேண்டாம்.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. கடல் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7. மார்பிளோ 3 முதல் 4 வரைதான். மணலை எடுக்காமல் ஈரத் துணியைத் தேய்ப்பது, உப்புத்தாளால் பாலிஷை உரிப்பதற்குச் சமம். எனவே எந்த மெஷின் வைத்திருந்தாலும் மணலை எடுப்பது முதல் வேலை, துடைப்பது இரண்டாவது வேலை. வாசலில் ஒரு முரட்டுக் கால்மிதி போட்டால் மெஷினின் வேலை பெருமளவு குறையும்.

வாட்ஸ் கணக்கு

விற்பனையாளர் "1,500 வாட்ஸ் பவர்" என்பார். அது மெஷின் தின்னும் மின்சாரமே தவிர உறிஞ்சும் சக்தி அல்ல. 230 வோல்ட்டில் 1,500 வாட்ஸ் என்றால் சுமார் 6.5 ஆம்பியர். விளக்குக்கும் மின்விசிறிக்கும் போட்ட 5 ஆம்பியர் பிளக் இதைத் தாங்காது. 15 ஆம்பியர் பிளக் வேண்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வயர் சூடேறி உருகும். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டு வந்த மெஷின் 120 வோல்ட்டுக்கு உரியதா என்று பார்க்காமல் நம் பிளக்கில் மாட்டக் கூடாது.

இதே கணக்கு இன்னொரு உண்மையையும் சொல்லும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைத்து முழுவதும் ஆவியாக்க சுமார் 0.7 யூனிட் மின்சாரம் வேண்டும். 1,500 வாட்ஸ் மெஷின் அரை லிட்டரை ஆவியாக்கக் குறைந்தது 14 நிமிடம் எடுக்கும். அரை லிட்டர் 5 நிமிடத்தில் தீர்ந்துவிட்டால் வருவது பெரும்பாலும் வெந்நீர்தான், நீராவி அல்ல என்று அறிந்து கொள்ளலாம். கடிகாரத்தை வைத்து இதை நாமே சோதிக்கலாம்.

தண்ணீரில் கவனம்

கடலோர போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பும் சுண்ணாம்பும் மெஷினின் உள்ளேயே தங்கிக் குழாயை அடைக்கும். எனவே ஆர்.ஓ. செய்த தண்ணீரையோ, கேன் தண்ணீரையோ ஊற்றுவது நல்லது. பினாயில், பிளீச்சிங் கரைசல், வாசனை எண்ணெய் எதையும் தொட்டியில் ஊற்றக் கூடாது. மெஷின் கெடுவது ஒருபுறம். அந்த ஆவி நம் மூச்சிலும், திறந்து வைத்த சரக்கிலும் கலக்கும்.

தரையில் வெள்ளையாகப் பூக்கும் உப்பைப் பற்றியும் தெரிந்து கொள்ள வேண்டும். உப்பு நீர் கல்லின் நுண்துளைகளில் இறங்கி, காயும்போது படிகமாகி, மேற்பரப்பை உதிர்க்கிறது. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் கட்டிய கடற்கரைக் கோயிலுக்கும் இதே தொல்லை உண்டு. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்துக் கல்லின் மீது அப்பி, அது காயும்போது உப்பைக் கூழுக்குள் இழுத்து எடுக்கிறார்கள். நமக்கு இதில் பாடம் உண்டு: உப்பை நீராவி அழிக்காது, கரைத்து இடம் மாற்றத்தான் செய்யும். உலர்ந்த பிரஷ்ஷால் உப்பைத் தேய்த்து அள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் துடைத்து எடுப்பதே வழி. கறை போகட்டும் என்று ஆசிட் ஊற்றினால் மார்பிள், மொசைக், கடப்பா கல் எல்லாம் அரிக்கப்படும். அவற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

மளிகைக் கடையில் பயன்படுத்தும் முறை

அரை லிட்டர் நீராவி என்பது கடைக்குள் அரை லிட்டர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது சர்க்கரை, வெல்லம், உப்பு, அப்பளம் அருகே நீராவி விட்டால் சரக்கு கசியும். அரிசி மூட்டையின் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். இந்த நஷ்டம் தரையின் பளபளப்பைவிடப் பெரியது. எனவே இந்த வரிசையைக் கடைப்பிடிக்கலாம்:

1. மூட்டைகள் தரையைத் தொடாமல் மரச்சட்டத்தின் மேல் இருக்கட்டும். திறந்த டின்களை மூடவும்.

2. எண்ணெய் சிந்தியிருந்தால் முதலில் மரத்தூளையோ தவிட்டையோ தூவி உறிஞ்ச வைத்து அள்ளவும்.

3. மணலையும் தூசியையும் உறிஞ்சி எடுக்கவும். மிளகாய்த் தூளும் மாவும் மெல்லிய தூள்; சாதாரண வடிகட்டியானால் பின்பக்கம் காற்றோடு வெளியேறிக் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். ஹெப்பா வடிகட்டி உள்ளதாக வாங்குவதும், அதை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்வதும் அவசியம்.

4. பிறகு மெதுவாக நீராவி விடவும். வேகமாக ஓட்டினால் துணி நனையுமே தவிர, கிருமியைக் கொல்லும் சூடு தரையில் ஏறாது. பிசுக்குள்ள இடத்தில் சில விநாடி நிறுத்தவும்.

5. துணி கறுத்தவுடன் மாற்றவும். அழுக்குத் துணி அழுக்கைப் பரப்பத்தான் செய்யும். நான்கு துணியாவது கையிருப்பு வேண்டும்.

6. கதவைத் திறந்து, மின்விசிறி போட்டுத் தரையை உலர விட்ட பிறகே வாடிக்கையாளரை உள்ளே விடவும். ஈர டைல்ஸில் ஒரு பெரியவர் வழுக்கி விழுந்தால், அதற்கு எந்த மெஷினும் ஈடு செய்யாது.

ஸ்விட்ச் போர்டு, எலக்ட்ரானிக் தராசு, பில் போடும் கம்ப்யூட்டர், பிரிட்ஜின் பின்பக்கம் ஆகியவற்றின் மீது நீராவி படக் கூடாது. கடையில் வெறுங்காலோடு நிற்பது நம் வழக்கம். மெஷின் ஓட்டும்போது மட்டும் ரப்பர் செருப்பு கட்டாயம். உப்பு மண்ணில் எர்த் குழாய் துருப்பிடித்து அறுந்திருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தைச் சோதித்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டுக் கொள்வது உயிருக்குக் காவல்.

பில்லும் வாரண்டியும்

பல மெஷின்களின் வாரண்டி அட்டையில் "வீட்டு உபயோகத்திற்கு மட்டும்" என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும். கடையில் ஓட்டினால் வாரண்டி செல்லாது என்பதே அதன் பொருள். பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்டு, கடை உபயோகத்திற்கும் உண்டு என்றால் எழுத்தில் வாங்கவும். மாற்றுத் துணியும் வடிகட்டியும் செங்கல்பட்டிலோ சென்னையிலோ கிடைக்குமா என்றும் கேட்கவும். உதிரிப் பாகம் கிடைக்காத மெஷின் மூலையில்தான் கிடக்கும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி, வணிக நோக்கத்திற்காகப் பொருள் வாங்குபவர் "நுகர்வோர்" ஆக மாட்டார். ஆனால் சுயதொழிலில் தம் பிழைப்புக்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு இச்சட்டம் விலக்கு அளிக்கிறது. சிறு கடைக்காரர் பலர் இந்த விலக்கைக் காட்டி முறையிட முடியும்; அதற்குப் பில் வேண்டும். முறையான ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள், பில்லில் தம் பதிவு எண்ணைப் போட்டு வாங்கினால் உள்ளீட்டு வரியைக் கழித்துக் கொள்ள வழி உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இது கிடையாது.

எல்லோருக்கும் தேவையா?

தேவையில்லை. 100 சதுர அடிப் பெட்டிக் கடைக்கும், மூட்டை நிறைந்து நடக்கவே இடமில்லாத மளிகைக் கடைக்கும் நல்ல துடைப்பமும், இரண்டு வாளி முறையும் போதும். ஒரு வாளியில் சோப்பு கலந்த வெந்நீர், மறு வாளியில் அலசுவதற்கு நல்ல தண்ணீர். உணவுப் பொருள் விற்பவர்களுக்கு 2011ஆம் ஆண்டின் உரிம விதிகளில் 4ஆம் அட்டவணை சுத்தத்தைத்தான் கேட்கிறது. இந்த மெஷின் வேண்டும் என்று கேட்கவில்லை. இனிப்பகம், தீனிக் கடை, எண்ணெய்ச் சில்லறை, சுற்றுலாப் பயணிகள் நாள் முழுதும் வந்து போகும் அகன்ற டைல்ஸ் கடை ஆகியவற்றுக்கு நல்ல மெஷின் உழைப்பை மிச்சப்படுத்தும்.

நாம் துவரம்பருப்பு வாங்கும்போது வியாபாரி காட்டும் மாதிரியை மட்டும் பார்த்து மூட்டைக்கு விலை பேசுவதில்லை. மூட்டையில் கைவிட்டு அள்ளி, வாயில் போட்டு மென்று பார்க்கிறோம். மெஷினுக்கும் அதுவே முறை. விற்பனையாளர் கொண்டு வரும் தூளை அல்ல. நம் கடைத் தரையில், நம் வாசல் மணல் ஒரு கைப்பிடி, கடலை மாவு ஒரு கரண்டி, நேற்றைய எண்ணெய்க் கறை, போர்வெல் தண்ணீர் காய்ந்த திட்டு ஆகிய நான்கையும் வைத்து ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். நான்கில் எது போகிறது, எது போகவில்லை என்று பார்த்த பிறகு விலை பேசலாம்.